சுழலும், ஆனால் கழலாது!

உருவத்தில் சிறியது என்று எதனையும் இகழ்தல் கூடாது என்பதற்கு வள்ளுவப் பெருந்தகை எடுத்துக்காட்டியது தேரின் அச்சாணியை. அவர் காலத்து அச்சாணிக்கு மரை கிடையாது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போகும். மறுபக்கம் தட்டினால் வெளியே வரும். நம் காலத்துத் தேராகிய மோட்டார் சைக்கிளின் ஆணியோ மரை வெட்டப்பட்ட ஆணி. வலப்பக்கம் திருப்பினால் ஏறும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். அது இறங்கவேண்டிய வேளையில் இறங்காமல், பம்பரம்போலச் சுழன்றுகொண்டே இருந்த இடத்தில் இருந்தால் என் செய்வது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மன்ற மலரில் எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று இலக்கிய மாணவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் கல்யாணிலும் உள்ள நம்மவர் குடும்பங்களில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு இரண்டு சக்கர வண்டியை நம்பி எரிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டி ஒரு நாள் படுத்தால் வீட்டில் ஒரு நாள் வருமானம் படுக்கும். அந்த வண்டியைப் படுக்கவைக்க ஓர் இருக்கை போல்ட்டே போதும்.

பெரும்பாலான வண்டிகளில் இருக்கைக்கு அடியில்தான் பாட்டரி இருக்கும், பியூஸ் இருக்கும், பலவற்றில் காற்று வடிகட்டிக்குப் போகும் வழியும் அதுவே. சில வண்டிகளில் ஸ்பேனர், திருப்புளி அடங்கிய கருவிப் பையையும் அங்கேயே வைத்திருப்பார்கள். இருக்கையைக் கழற்றும் கருவி இருக்கைக்கு அடியில்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே இருக்கை கழலவில்லையென்றால், பாட்டரி செத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இருக்கை எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை முதலில் காண்போம். முன்பக்கம் ஒரு நாக்கு வண்டியின் சட்டத்தில் செருகிக்கொள்ளும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ இரண்டு போல்ட்டுகள் இருக்கும். சாதாரணமாக ஒரு போல்ட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும்; ஒன்று தலையைத் திருப்ப, மற்றொன்று நட்டைப் பிடிக்க. ஆனால் இருக்கைக்குப் பின்னால் கை நுழையாது. அதனால் தொழிற்சாலையிலேயே நட்டைச் சட்டத்தின் தகட்டில் மூன்று நான்கு புள்ளிகளில் பற்றவைத்துவிடுகிறார்கள். அல்லது ஒரு சிறு கூண்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். அல்லது இருக்கையின் பிளாஸ்டிக் அடித்தட்டில் பதித்துவிடுகிறார்கள். அதன்பின் வெளியிலிருந்து ஒரே ஸ்பேனரால் வேலை முடிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், அந்தப் பற்றவைப்போ கூண்டோ பிளாஸ்டிக்கோ என்றைக்கு விட்டுப்போகிறதோ அன்றைக்கு நட்டும் போல்ட்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகச் சுற்றத் தொடங்கும். அறிவு தடுமாறியவனை “மரை கழன்றவன்” என்கிறோம் அல்லவா? இங்கே நேர்மாறு: மரை கழல மறுப்பதுதான் நோய்.

மறுப்பதற்குக் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே உள்ள சந்து மிகச் சிறியது, 0.03 மில்லிமீட்டர் அளவில் தொடங்குவது. அந்தச் சந்தில் துரு பெருத்தால், ஆப்பு அடித்தது போலத்தான். எங்கள் ஊராகிய உல்லாஸ்நகரில் இதற்குக் கேட்க வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பெருமழைக் காலத்தில் உல்லாஸ் ஆறு கரைமீறும். 2019 ஜூலையில் வாங்கணிக்கு அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை மீட்க நேர்ந்ததைப் பலரும் அறிவீர்கள். இரயிலே நின்ற வெள்ளத்தில் தெருவோரம் நின்ற வண்டிகளின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

உல்லாஸ்நகரைப் பற்றி இங்கே ஒரு சொல். பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்காக, போர்க்காலப் படைமுகாம் இருந்த இடத்தில் எழுந்த நகர் இது. 1949 ஆகஸ்டில் இதற்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. தமிழர் ஒருவர் கல் நாட்டிய ஊரில் தமிழர் குடியேறியதில் வியப்பில்லை. இவ்வூரில் செய்த பொருள்களின்மேல் “மேட் இன் யூ.எஸ்.ஏ.” என்று போட்டிருந்தால், அது அமெரிக்கா அல்ல, “உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்” என்பது பம்பாய் முழுதும் வழங்கும் பழைய நகைச்சுவை. போல்ட்டு வாங்கும்போது இந்த நகைச்சுவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முலாம் மெலிந்த மலிவு போல்ட்டு இரண்டு மழைக்காலத்தைத் தாங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சிறிது வரலாறு வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பார் 55 டிகிரி கோணத்தில் ஒரு பொதுவான மரையை முன்மொழிந்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரியே எளிது என்றார். இன்றைய மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஆங்கிலக் கம்பெனியோடு கூடி 1955-இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, புல்லட் வண்டியோடு அங்குலக் கணக்கு மரைகளும் கப்பலேறி வந்தன. ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீட்டர், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆங்கில நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 22 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.15 மில்லிமீட்டர், மெட்ரிக் மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர். பழைய வண்டியின் நட்டில் புதிய மெட்ரிக் போல்ட்டைப் போட்டால் முதல் இரண்டு சுற்று நட்பாக ஏறும்; பிறகு கடிக்கும். கடித்ததை வலுவந்தமாக முறுக்கினால், இன்று ஏறும், என்றைக்கும் இறங்காது.

இனி நோயறிதல். சுழலும் போல்ட்டு எல்லாம் ஒரே வகை அல்ல. நட்டு அசையாமல் நிற்க, மரை மட்டும் அழிந்துபோய்ப் போல்ட்டு சுழலலாம். போல்ட்டின் கழுத்து முறிந்து தலை மட்டும் சுழலலாம். அப்படியானால் தலை கையோடு வந்துவிடும், அழுது பயனில்லை. மூன்றாவதுதான் நம் வழக்கு, நட்டும் சேர்ந்து சுழல்வது. எது என்று அறிய, பின்சக்கர மட்கார்டுக்கு உள்ளே கைப்பேசியின் விளக்கைப் பிடித்து, ஒரு சிறு கண்ணாடியால் நோக்குங்கள். நட்டின்மேல் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, வேறொருவரைப் போல்ட்டைத் திருப்பச் சொல்லுங்கள். புள்ளி நகர்ந்தால் ஐயம் இல்லை. நட்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம்.

பௌதிகம் இங்கேதான் துணைக்கு வருகிறது. போல்ட்டைத் திருப்பும்போது இரண்டு பிடிகள் மோதுகின்றன. ஒன்று, போல்ட்டின் மரை நட்டைப் பிடிக்கும் பிடி. மற்றொன்று, வண்டியின் சட்டம் நட்டைப் பிடிக்கும் பிடி. சட்டத்தின் பிடி வலியதாயின் போல்ட்டு கழலும். மரையின் பிடி வலியதாயின் இரண்டும் சேர்ந்து சுழலும். செய்யத்தக்கவை இரண்டே: மரையின் பிடியைத் தளர்த்துவது, சட்டத்தின் பிடியை வலுப்படுத்துவது. பட்டறைகளில் செய்யும் எல்லா வித்தைகளும் இவ்விரண்டில் ஒன்றாகவே முடியும்.

அவற்றுள் மிகப் பழைய வித்தை, போல்ட்டின் தலைக்கு அடியில் திருப்புளியைச் செருகி நெம்பிக்கொண்டே திருப்புவது. இது ஏன் பலிக்கிறது? நெம்பும்போது நட்டு இழுக்கப்பட்டுச் சட்டத்தின் தகட்டோடு உராய்கிறது. அதனால் பிடி கூடுகிறது. ஆனால் அதே இழுப்பு மரையின்மீதும் விழுகிறதே, அந்தப் பிடியும் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கைக் கண்டு அஞ்சவேண்டாம்; சிறிய கணக்கு.

8 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை உராயும் இடம் நடுவிலிருந்து சுமார் 3.6 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. நட்டின் முகம் தகட்டோடு உராயும் இடமோ சராசரி 5.5 மில்லிமீட்டர் தொலைவில். தொலைவு கூடினால் உராய்வின் முறுக்கு விசையும் கூடும். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இது. மேலும், கழற்றும் திசையில் மரையின் சரிவு நமக்கு உதவி செய்கிறது. மலையிறங்குபவனுக்குச் சரிவு உதவுவது போல. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ எடை அளவு இழுப்புக்கு நட்டின் முகத்தில் பிடி சுமார் 0.82 நியூட்டன் மீட்டர். மரையில் வெறும் 0.42. வேறுபாடு 0.4. இந்த 0.4 தான் நம் இலாபம். துருவின் பிடியை இந்த இலாபத்தைக்கொண்டே வெல்லவேண்டும்.

துரு 1 நியூட்டன் மீட்டர் பிடித்திருந்தால் 250 கிலோ இழுப்பு வேண்டும். மலைக்கவேண்டாம். திருப்புளியின் நுனியிலிருந்து ஒரு செண்டிமீட்டரில் ஊன்றி, இருபதாவது செண்டிமீட்டரில் கை வைத்தால் இருபது மடங்கு. பன்னிரண்டு கிலோ அழுத்தம் போதும். ஆனால் துரு 5 நியூட்டன் மீட்டர் பிடித்திருந்தால்? அப்போது 1,250 கிலோ வேண்டும். திருப்புளி வளையும், சட்டத்தின் தகடு வளையும், துரு சிரிக்கும். பலர் நெம்பிப் பார்த்துவிட்டு “வரவில்லை” என்று கைவிடுவது இதனால்தான். முதலில் துருவைத் தளர்த்தவேண்டும், பிறகு நெம்பவேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை.

துருவைத் தளர்த்த எண்ணெய். கெட்டியான எண்ணெய் உதவாது. நுண்ணிய சந்தில் தானே ஏறும் மெல்லிய எண்ணெய் வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எந்த விதியாலோ அதே விதி இங்கும் வேலை செய்கிறது. கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.40 என்பது 1953-இல் அமெரிக்காவில், ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்க, நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் டீசலில் சிறிது என்ஜின் எண்ணெயைக் கலந்தும் விடலாம். தலையின் பக்கமிருந்து மட்டும் அல்ல, நட்டின் பக்கமிருந்தும் விடவேண்டும். மாலையில் ஒரு முறை, படுக்கும்முன் ஒரு முறை, விடியலில் ஒரு முறை. இடையிடையே தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துருவில் வெடிப்பு விழுந்து எண்ணெய்க்கு வழி பிறக்கும். பொறுமையில்லாதவர்க்கு இந்த வித்தை பலிக்காது. எண்ணெய் நட்டின் முகத்திலும் பட்டு அதன் பிடியையும் குறைக்காதா என்றால், குறைக்கும். ஆயினும் கெழு 0.10 ஆகக் குறைந்தாலும் நூறு கிலோவுக்கு 0.33 இலாபம் மிஞ்சும். துரு தளர்ந்த நன்மை அதைவிடப் பெரிது.

சூடு காட்டலாமே என்பவர்களுக்கு ஒரு சொல். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு இலட்சத்தில் 1.2 பங்கு விரியும். 8 மில்லிமீட்டருக்கு 200 டிகிரி ஏற்றினால் விரிவு 0.019 மில்லிமீட்டர். இது துருவை உடைக்கப் போதுமான அளவுதான். ஆதலால் பட்டறைக்காரர்கள் சூட்டை நாடுவதில் தவறில்லை. ஆனால் இருக்கை போல்ட்டு இருக்கும் இடத்தை நோக்குங்கள். ஒரு முழ தூரத்தில் பெட்ரோல் டாங்கி. பெட்ரோலின் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதால் தாழ்ந்து தரையோடு பரவும். இருக்கைக்குள் இருக்கும் மெத்தை பாலியூரத்தேன் நுரை. அது எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. சுடர் விளக்கு அங்கே ஆகாது. வேண்டுமானால் மின்சார ஈயப்பற்றுக் கோலைப் போல்ட்டின் தலையில் சில நிமிடம் வைத்திருக்கலாம். அதுவும் டாங்கியை அப்புறப்படுத்திய பிறகே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் விடியற்காலையில் இட்லிப் பாத்திரங்களை வண்டியில் கட்டிக்கொண்டு அம்பர்நாத் தொழிற்சாலை வாயில்களுக்குப் போகிறவர். சென்ற ஆண்டு ஆடி மழையில் பாட்டரி செத்தது. இருக்கையின் இடப்பக்கப் போல்ட்டு சுழன்றதே தவிரக் கழலவில்லை. ஒரு பட்டறையில், “பானா போட்டுப் பயனில்லை, காஸ் வைத்து அறுத்துவிடலாம், மூன்று நாள் வண்டி இங்கேயே கிடக்கட்டும்” என்றார்கள். டாங்கியைக் கழற்றும் பேச்சே எழவில்லை. மூன்று நாள் வருமானம் போவது ஒருபுறம்; டாங்கியில் பாதி பெட்ரோல் இருந்தது மறுபுறம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்தோம். இரவு முழுதும் எண்ணெய் விட்டு, காலையில் அவர் நெம்பினார், நான் திருப்பினேன். “ஏல, அவசரப்படாத. நான் அமுக்குறப்ப மட்டும் திருப்பு, விட்டா நிறுத்திக்க” என்றார். பௌதிகம் படிக்காத அவர் சொன்னதில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது: இழுப்பு இருக்கும்போது மட்டுமே நமக்கு இலாபம். கால் சுற்று, கால் சுற்றாக அரைமணி நேரத்தில் வந்துவிட்டது.

எண்ணெயும் நெம்பலும் போதாத இடத்தில், நட்டை நேரே பிடிக்க வழி தேடவேண்டும். மட்கார்டின் உட்புறத்திலிருந்து கிரிப் பிளையர் எட்டுமானால் அதைவிடச் சிறந்தது இல்லை. பின்சக்கரத்தைக் கழற்றினால் எட்டும் என்றால், அந்தச் சிரமத்தை மேற்கொள்வது வீண் அல்ல. கூண்டு நட்டானால், கூண்டின் சுவருக்கும் நட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய உளியையோ பழைய திருப்புளியையோ தட்டி இறுக்கலாம். இருக்கையின் பிளாஸ்டிக்கில் பதித்த நட்டு சுழன்றால், இருகூட்டுப் பசையை நட்டின் வெளிவிளிம்பைச் சுற்றிப் பூசி ஒரு நாள் உலரவிடலாம். எம்-சீல், அரால்டைட் போன்றவை எங்கும் கிடைக்கும். இங்கே வரிசை முக்கியம். எண்ணெய் பட்ட இடத்தில் பசை ஒட்டாது. ஆகவே பசை போடுவதானால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துப் பசையை முதலில் போட்டு, அது இறுகிய பின்பே மரைக்கு எண்ணெய் விடவேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால் அறுப்பதே வழி. சக்கர அரைப்பான் பொறி பறக்கவிடும். டாங்கி வண்டியில் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். இருக்கையின் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ஹாக்ஸா பிளேடை மட்டும் நுழைத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுக்கலாம். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு நல்லது. போல்ட்டு இங்கும் சுழலப் பார்க்கும். தலையில் ஸ்பேனரைப் போட்டு வேறொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். துளையிட்டுத் தலையை எடுப்பவர்களுக்கும் இதுவே விதி.

கழற்றியாயிற்று. பழைய போல்ட்டை மறுபடி போடாதீர்கள். மஸ்ஜித் நிலையத்துக்கு அருகே நாக்தேவி தெருவில் போல்ட்டும் நட்டும் வாஷரும் எல்லா அளவிலும் கிடைக்கும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், மரையோடு மரை வைத்து வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். சந்து தெரிந்தால் அது வேறு மரை. ஸ்பேனர் எண்ணை நம்பவேண்டாம். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சில வண்டிகளில் 12-ஆம் எண், கடைப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 13-ஆம் எண். கை எட்டுகிற இடமானால் விட்டுப்போன நட்டுக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் வைத்த தனி நட்டைப் போடலாம். எட்டாத இடமானால், டாங்கியையும் பாட்டரியையும் எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லவேண்டும்.

மரையில் கிரீஸ் தடவாமல் முடுக்காதீர்கள். முடுக்கும் அளவு 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 20. பதினைந்து செண்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் முறையே ஏழு கிலோ, பதின்மூன்று கிலோ அழுத்தம் என்று கொள்ளலாம். இது உலர்ந்த மரைக்குரிய கணக்கு. அந்த 20 நியூட்டன் மீட்டரே போல்ட்டின் உடலில் சுமார் 1,250 கிலோ இழுப்பை உண்டாக்கிவிடும். கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து இழுப்பு மிகும். ஆகையால் கால் பங்கு குறைத்தே முடுக்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டு வாங்கினால் கவலை தீர்ந்தது என்று சிலர் எண்ணுவர். அதையே துருப்பிடிக்காத எஃகு நட்டோடு உலர்வாக வேகமாக முடுக்கினால், துரு இல்லாமலே மரைகள் ஒன்றையொன்று கடித்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடியை எந்த எண்ணெயும் தளர்த்தாது. அதற்கும் கிரீஸ் வேண்டும். மெல்லத் திருப்பவும் வேண்டும்.